பெத்ராவைக் கொயோட்டிகள் தின்னவில்லை, பெரியம்மா

அன்பும் மதிப்பும் நிறைந்த ஒர்லிண்டா பெரியம்மாவுக்கு,

தங்கை மகள் டெல்ஃபினா பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான், கோழிகள் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் பெரியப்பாவும் ஆடுகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மலையில் பனி உருகிவிட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதையெல்லாம் முதலில் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெத்ரா நாளை மறுநாள் சனிக்கிழமை மாட்டு ஏலத்துக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா உங்களுக்கு ஃபோன் செய்து, பெத்ராவைக் கொயோட்டிகள் தின்றுவிட்டன என்று அழுகிற குரலில் சொல்லப் போகிறார். நம்பாதீர்கள், அந்தக் குள்ள ஓநாய்களால் பெத்ராவை ஒன்றும் செய்ய முடியாது. குட்டியில் தாய் செத்துப்போய், நீங்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கழுதை. அதை நீங்கள் இரவல் கொடுத்ததே எங்கள் கோழிகளைக் காப்பாற்றத்தான். ஏலத்தில் யாருக்கும் வேண்டாத கழுதைகள் எந்த லாரியில் ஏறும் என்று எங்கள் வகுப்பில் ஒருவன் சொன்னான். அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

உங்களுக்கு ஃபோன் செய்தால் பெரியப்பாதான் எடுப்பார். எடுத்தால் அடுத்த நிமிஷம் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், அவர்கள் இருவரும் அப்படி. அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை உங்கள் பக்கமிருந்து வைக்கோல் லாரி க்ரூஸ் அண்ணன் வருவார், திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிடுவேன். இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். நான் குளியலறையில், தண்ணீர் இல்லாத தொட்டிக்குள், தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். டார்ச் வெளிச்சம் வெளியே போகாமல் கதவடியில் துண்டைத் திணித்திருக்கிறேன். வாய்க்கால் கரையில் கொயோட்டிகள் பாடுகின்றன. தொட்டிக்கு அடியில், தரைக்குக் கீழே, ஒரு சாம்பல் நரி தன் குட்டிகளோடு பறண்டிக்கொண்டிருக்கிறது. பயப்படாதீர்கள், அது இப்போது எங்கள் வீட்டு நரி. அது எப்படி இங்கே வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் பெத்ரா விஷயம் புரியும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குதிரைமசால் தீவனம் போட்டிருந்த நிலத்தில் புதுக் காலனி கட்டினார்கள் அல்லவா, அங்கே இருந்த கொயோட்டிகள் எங்கும் போகவில்லை. காலனிக்காரர்கள் வராந்தாவில் பூனைக்குச் சாப்பாடு வைத்தார்கள், குருவிக்குத் தானியம் தொங்கவிட்டார்கள், குப்பைத்தொட்டியை மூடாமல் விட்டார்கள், கொயோட்டிகளுக்கு வயலைவிடக் காலனியே வசதியாகப் போய்விட்டது. குட்டிகள் போட்டன, அந்தக் குட்டிகள் குட்டிகள் போட்டன, எல்லாரும் போக வர வாய்க்கால் கரைதான் பாதை. உங்கள் மலைக் கொயோட்டி மனிதரைக் கண்டால் ஓடிவிடும். எங்கள் கொயோட்டி நின்று, தலையைச் சாய்த்து, நம்மை எங்கோ பார்த்த மாதிரி யோசிக்கும், பிறகுதான் போகும். பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்போது எதிர்க் கரையில் அதுவும் நிற்கும். நான் புத்தகப் பையை முன்னால் பிடித்துக்கொள்வேன், ஆனால் பேருந்து வந்ததும் அது என்னைவிட மரியாதையாக விலகிப் போகும்.

அவை வந்த பிறகு மற்ற ஜீவன்கள் எல்லாம் இடம் மாறின. பூனைகள் எல்லாம் வீட்டுக்குள் அடைபட்டன, இப்போது தெருவில் நடந்தால் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு கொழுத்த பூனை நம்மைத் திட்டுவது மாதிரி பார்க்கும். பூனை இல்லாததால் காடைகள் திரும்பி வந்தன, தாய் முன்னால் போக, குஞ்சுகள் பின்னால் உருண்டைக் கூழாங்கற்கள் மாதிரி ஓடும், அதைப் பார்த்தால் பெரியம்மா, பயத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடலாம். முயல்கள் குறைந்தன, அதனால் அம்மாவின் பட்டாணிச் செடி முதல்முறையாகக் காய்த்தது. நரிக்குக் கொயோட்டி என்றால் நடுக்கம், கொயோட்டிக்கு வீட்டுச் சுவரை ஒட்டி வர யோசனை, ஆகவே நரி எங்கள் குளியலறைக்கு அடியில் குடிவந்துவிட்டது. அப்பா அதைத் துரத்தப் போனார். அம்மா, "இருக்கட்டும் விடு ஆப்ரான், உங்க அண்ணன் மாதிரி ஒரு மாசம் தங்கிட்டுப் போற விருந்தாளி இல்ல, சாப்பாட்டையும் தானே பாத்துக்குது" என்றாள். நரி தங்கிவிட்டது.

கோழிகள்தான் குறைந்துகொண்டே வந்தன. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் செய்தார்கள். புதுக் காலனிச் சங்கத் தலைவி திருமதி பெம்பர்ட்டன் கடையில் ஓநாய் மூத்திரம் புட்டி புட்டியாக வாங்கி வேலியைச் சுற்றித் தெளித்தார். கொயோட்டிகள் அதில் புரண்டு, நாம் ஞாயிற்றுக்கிழமை வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகிற மாதிரி போயின. அவருடைய சின்ன நாய் மஃபின்தான் அந்த வாடைக்குப் பயந்து ஒரு வாரம் வாசலைத் தாண்டவில்லை. பிறகு மஃபினுக்கு முதுகெல்லாம் முள் வைத்த ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று வரவழைத்தார். எந்த மிருகமும் கவ்வ முடியாதாம். போட்டால் அது நாயும் இல்லை, முள்ளம்பன்றியும் இல்லை, பாவமாக இருக்கும். ஊருக்குத் தண்ணீர் முறை வைக்கும் எங்கள் வாய்க்கால் மணியக்காரர் செலெதோனியோ, மனிதர் குரல் கேட்டால் கொயோட்டி வராது என்று சொல்லித் தன் சோளக்கொல்லையில் ராத்திரி முழுவதும் ரேடியோவில் செபமாலை வைத்தார். கொயோட்டிகள் வந்து உட்கார்ந்து கூடவே பதில் சொல்லின.

அப்போதுதான் கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் பெத்ராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். கொயோட்டியைக் கண்டால் கழுதை விடாது, கடிக்கும், உதைக்கும் என்று சொன்னீர்கள். அப்பா நம்பவில்லை, உங்கள் முன்னால் தலையாட்டினார், அவ்வளவுதான். முதல் நாளே பெத்ரா காதை மடக்கிக்கொண்டு, பல்லைக் காட்டி, ஒரு சத்தம் போட்டாளே, எங்கள் குளியலறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கரையில் இருந்த கொயோட்டிகள் தண்ணீர் இல்லாத வாய்க்காலில் குதித்து ஓடின. அதிலிருந்து ஒரு கோழியும் போகவில்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. குளிர்காலம் முழுவதும் பெத்ராவைக் கரையிலேயே விட்டார், வேலியை மேலே கீழே நீட்டி, எங்கள் பங்கைத் தாண்டி, மணியக்காரர் பங்கு வரை கொண்டுபோனார். "ஊருக்கே காவல் குடுக்கறேன், ஒருத்தர் வாயிலயாச்சும் ஒரு நன்றி வருதா பாரு" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டே திரிந்தார். சாயங்காலத்தில் நான் ஆப்பிள் தோல் எடுத்துக்கொண்டு போவேன், பெத்ரா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். எனக்கு இந்த வருஷம் முழுவதும் சந்தோஷம்தான், பெரியம்மா. அதுதான் இப்போது இவ்வளவு பயம்.

கொயோட்டிகள் கோழியை மட்டும் தின்னவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவை தின்றதில் முக்கால்வாசி வளை எலி. கரையில் கொயோட்டி வராததால் வளை எலிகள் நிம்மதியாகப் பெருகின, கரைக்குள்ளேயே அறை, கூடம், சமையல்கட்டு என்று வீடு கட்டிக்கொண்டன. மார்ச்சில் தூர்வாருகிற நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தார்கள் அல்லவா, அப்போதே மண்வெட்டி வைத்த இடமெல்லாம் பொந்து. மணியக்காரர் அப்பாவைப் பார்த்து, "ஆப்ரான், இது என்னடா கரையா சல்லடையா?" என்றார். அப்பா, "மண்ணு மூச்சு விடுது மாமா, நல்லதுதான்" என்றார். இரண்டு பேரும் பொந்துகளில் சேற்றை அடைத்துவிட்டு, பீன்ஸும் மிளகாயும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பிறகு உழவர்களின் பாதுகாவலர் புனித இசிதோர் திருநாள் வந்தது. வருஷா வருஷம் போலச் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு, பங்குச்சாமியார் முன்னால் தீர்த்தம் தெளிக்க, கரைமேல் பவனி. வாய்க்கால் நிறையத் தண்ணீர். அப்பா முன் பக்கம் வலது தோள் கொடுத்திருந்தார். அன்றைக்குப் பெத்ராவை வேலிக்குள் கட்டிப் போட்டிருந்தோம், நான்தான் கட்டினேன், முடிச்சு நன்றாகவே இருந்தது, கட்டிய கம்பம்தான் வளை எலி வீட்டின் கூரையில் நட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? காலனியோடு ஒற்றுமை வேண்டும் என்று சாமியார் திருமதி பெம்பர்ட்டனையும் அழைத்திருந்தார். அவர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, மஃபினையும் முள்சட்டையோடு கூட்டி வந்தார்.

கழுதைக்கு நாயும் கொயோட்டியும் ஒன்றுதான், பெரியம்மா, நீங்கள் இதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். அதுவும் ஆரஞ்சு நிறத்தில் முள் முளைத்த கொயோட்டியைப் பெத்ரா அதுவரை பார்த்ததே இல்லை. ஒரே இழுப்பு, கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கம்பத்தையும் இழுத்துக்கொண்டு பவனிக்குள் ஓடி வந்தாள். மஃபின் சாமியாரின் அங்கிக்குள் புகுந்தது. சாமியார் குதித்தார், முள் குத்தினால் யார்தான் குதிக்கமாட்டார்கள்? பெத்ரா சுற்றி வந்து உதைத்தாள், உதை கரையில் விழுந்தது. கரை பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் சப்பரம் தூக்கிய நான்கு பேரும் மெதுவாக, மரியாதையாக, இடுப்பளவு கீழே இறங்கினார்கள். அப்பா சுரூபத்தைக் குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சாமி நனையல! சாமி நனையல!" என்று கத்தினார். சாமி நனையவில்லை என்பது உண்மை. மற்ற எல்லாம் நனைந்தது. தண்ணீர் உடைப்பு வழியாகப் பாய்ந்து, திருமதி பெம்பர்ட்டனின் ரோஜாத் தோட்டத்தில் புகுந்து, அவர் வீட்டு நாற்காலிகளை மணியக்காரர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தது. யாருக்கும் காயம் இல்லை. மஃபின் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது.

மறுநாள் உடைப்பை மண்மூட்டையால் அடைத்துவிட்டு வாய்க்கால் கூட்டம் போட்டார்கள். நானும் அம்மாவோடு போனேன்.

"அந்தக் கழுதை என் மஃபினைக் கொல்லப் பாத்துச்சு!" என்றார் திருமதி பெம்பர்ட்டன்.

"உங்க நாய் கெடக்குதும்மா, கரை போச்சே!" என்றார் மணியக்காரர். "கழுதை வந்துது, கொயோட்டி போச்சு. கொயோட்டி போச்சு, எலி வந்துது. எலி வந்துது, சாமியே தண்ணில எறங்கிட்டாரு. எனக்குக் கொயோட்டி வேணும்."

"கொயோட்டியா? அதெல்லாம் கூண்டு வெச்சுப் பிடிக்கணும்னு நான் கையெழுத்து வாங்கிட்டிருக்கேன்!"

"பிடிங்க, பிடிச்சு எங்கிட்ட குடுங்க, நான் கரையில விட்டுக்கறேன்."

ஒருவருக்குக் கொயோட்டி வேண்டாம், இன்னொருவருக்குக் கொயோட்டிதான் வேண்டும், ஆனால் பெத்ரா போக வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் கழுதை போகாவிட்டால் இந்தப் பருவம் முழுவதும் எங்கள் முறைத் தண்ணீர் கிடையாது என்று மணியக்காரர் சொல்லிவிட்டார். மிளகாய் நாற்று இப்போதுதான் நட்டிருக்கிறோம். தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. அப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பூட்டைத் தேடினார். அன்றிலிருந்து பெத்ரா கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறாள்.

உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். அப்பா முகம் சிவந்துவிட்டது. பெரியப்பா இதைக் கேட்டால் சாகிற வரைக்கும் சிரிப்பாராம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாமியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நிற்கிற மாதிரி நடித்துக் காட்டுவாராம். பெரியப்பா அப்படிச் செய்யமாட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஒர்லிண்டா கேட்டா, கொயோட்டி தின்னுடுச்சு. அவ்ளோதான்" என்றார் அப்பா.

"கழுதையையா?" என்றாள் அம்மா. "அவ ஒரு எத்து எத்துனா கொயோட்டி டெக்ஸாஸ்ல போய் விழும்."

"நெறைய கொயோட்டின்னு சொல்லு."

"எலும்பு எங்கன்னு கேப்பா எங்க அக்கா."

"எலும்பையும் தின்னுடுச்சு."

"கழுத்து மணி?"

அப்பா மோவாயைச் சொறிந்தார். "மணி இருக்கு. ஞாபகார்த்தமா அனுப்பி வெச்சுடலாம்."

அம்மா தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அப்பா ராத்திரி கொட்டகைக்குப் போய்ப் பெத்ராவுக்கு முதுகு தேய்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். தூசி என்றார். அப்பா கெட்டவர் இல்லை, பெரியம்மா, வெட்கம்தான் அவரைப் பிடித்து ஆட்டுகிறது.

ஆகவே நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். சனிக்கிழமை காலை, அப்பா வண்டி பூட்டுவதற்கு முன்னால், நீங்கள் தற்செயலாக வருகிற மாதிரி வண்டியோடு வந்துவிடுங்கள். பெரியப்பாவை அழைத்து வர வேண்டாம். பெத்ரா இல்லாமல் மலையில் உங்களுக்கு வீடே பிடிக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லி அவளைக் கூட்டிப் போய்விடுங்கள். மலையில் அவள் இருந்தால் நான் விடுமுறைக்கு வந்து பார்த்துக்கொள்வேன். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். ஆடுகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்காக நாளைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். கையில் முத்தமிட்டு ஆசி கேட்கும்,

உங்கள் அன்பு மகள்,
டெல்ஃபினா

பி.கு.: இப்போது வெள்ளிக்கிழமை காலை. பெரியம்மா, வர வேண்டாம். வண்டியை எடுத்திருந்தால் திரும்ப நிறுத்திவிடுங்கள்.

விடியும்போதே வாசலில் சத்தம். திருமதி பெம்பர்ட்டன் வீட்டு அங்கியோடு நிற்கிறார், அப்பா பாதி முகத்தில் சவர நுரையோடு நிற்கிறார், மதகு திறக்கப் போய்க்கொண்டிருந்த மணியக்காரரும் நடுவில் நிற்கிறார். பெத்ராவை அடைத்ததும் கொயோட்டிகள் கரைக்குத் திரும்பிவிட்டன அல்லவா, அதில் ஒரு ஜோடி காலனிக்குள் போய், திருமதி பெம்பர்ட்டனின் வராந்தா மெத்தையில் படுத்துத் தூங்கியிருக்கின்றன. மஃபின் முள்சட்டை போட்டாலும் வெளியே வர மறுக்கிறது. மூன்று நாளாக எல்லாம் கம்பளத்தின் மேல்தான்.

"அந்தக் கழுதைய கொஞ்சம் வெளிய விடுங்க மிஸ்டர் ஆப்ரான், ப்ளீஸ்" என்றார். நான் என் காதால் கேட்டேன்.

"விட்டா நான் மதகைப் பூட்டிடுவேன்" என்றார் மணியக்காரர். "இப்பத்தான் கொயோட்டி எலிய புடிக்க ஆரம்பிச்சிருக்கு."

"என் கம்பளம்?"

"என் கரை?"

அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து, "தண்ணிக்கு முறை வெச்சு நூறு வருஷமா சண்ட போடறீங்கள்ல, கழுதைக்கும் முறை வெச்சு சண்ட போடுங்களேன், நாங்க நிம்மதியா காப்பி குடிப்போம்!" என்று கத்தினாள். அம்மா திட்டத்தான் செய்தாள். ஆனால் மணியக்காரர் முறை என்ற வார்த்தையைக் கேட்டால் மனிதர் மாறிவிடுவார். அங்கேயே வேலிக்கல்லில் உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முகத்தை நீதிபதி மாதிரி வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். திங்கள், புதன், வெள்ளி கரை பெத்ராவுக்கு, மஃபின் அன்றைக்கு வீட்டுக்குள். செவ்வாய், வியாழன், சனி கரை கொயோட்டிகளுக்கு, பெத்ரா அன்றைக்குக் கோழிகளோடு. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் முறை இல்லை. எங்கள் தண்ணீர் எங்களுக்கு உண்டு. திருமதி பெம்பர்ட்டன் கையெழுத்து வாங்கிய தாளை மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பா மீதி முகத்தையும் சவரம் செய்துகொண்டு வந்து, "பெத்ராவ விக்கறதா? எவன் சொன்னான்?" என்று என்னைக் கேட்டார். மேலே நான் அப்பாவைப் பற்றி எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். அம்மா, "கிழிக்காதடி. ராத்திரி பூரா தொட்டிக்குள்ள உக்காந்து எழுதினது எனக்குத் தெரியாதா? அனுப்பு, எங்க அக்கா மலையில தனியா சிரிக்கட்டும்" என்றாள். க்ரூஸ் அண்ணன் காப்பியைக் குடித்து முடித்துவிட்டார், அவசரப்படுத்துகிறார். இன்று வெள்ளிக்கிழமை, பெத்ரா கரையில் காதை நிமிர்த்தி நிற்கிறாள், நாளைக்குக் கொயோட்டிகள் முறை. அவற்றுக்கு இதை யார் போய்ச் சொல்வது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.